கத்ரீனா: தண்ணீர் சுவரைத் தாண்டி வந்ததா?

"2005 கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியதற்கு அரசு என்ன செய்யும்? யாருமே எதிர்பார்க்காத வெள்ளம், வெள்ளத் தடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டது" என்றொரு பதிவு சுற்றுகிறது. இது பாதிகூட உண்மையில்லை.

நகரின் கிழக்கே பல இடங்களில் தண்ணீர் கரை தாண்டியது, சரி. ஆனால் நகருக்குள் இருக்கும் 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அடியில் இருந்த மண் பலவீனமானது. அதில் இறக்கிய எஃகுத் தகடுகளுக்கு ஆழம் போதவில்லை. சுவர் மண்ணோடு சேர்ந்து நகர்ந்தது. கட்டியது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்பில் பிழை என்று 2006இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்பார்க்கவில்லையாம்! 2004 ஜூலையில், இதே நகரம் புயலில் மூழ்குவதாக வைத்து அதிகாரிகள் ஒத்திகையே நடத்தியிருந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'பாம்' புயல்.