கோரையைப் பிடுங்கினால் போகாது
தோட்டத்துக் களையான கோரையைக் கையால் விடாமல் பிடுங்கினால் ஒழிந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் இருந்ததை ஏற்க முடியவில்லை. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். இழுத்தால் பெரும்பாலும் தழை மட்டும்தான் கையோடு வரும். கீழே கம்பி போன்ற வேர்த்தண்டில் கறுத்த கிழங்குகள் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். சரம் அறுபடாதவரை ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை உறங்கும். அறுந்தால் உறங்கியவையும் கிளம்பிவிடும். ஒன்று பிடுங்கிய இடத்தில் நான்கு முளைப்பது இதனால்தான், மண்வெட்டியால் கொத்தினாலும் இதே கதி. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் ஆழத்துக்குக் கடப்பாரையால் நெம்பி, சரத்தோடு எடுங்கள். கிழங்கை உரக்குழியில் மட்டும் போடவே வேண்டாம், அங்கேயே முளைத்துவிடும். சுருங்கி உள்ளே உலரும்வரை வெயிலில் பரப்புங்கள். விட்டுப்போனவை தலைகாட்டியதும், புதுக்கிழங்கு கட்டும் முன்பே, திரும்ப நெம்ப வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொன்ன கறுப்பு பாலித்தீன் விரிப்பு மற்ற களைகளுக்குச் சரி, கோரை முனை ஊசிபோல் அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கோரைக்கு ஆகாதது நிழல். களையெடுத்த பாத்தியில் சர்க்கரைவள்ளியை நெருக்கமாகப் படரவிட்டால் தழை மெலிந்து, கிழங்கு கட்டுவதும் குறையும்.