பாலத்துக்கு முதுகு காட்டிய மூன்று மணி நேரம்

சென்ற மாதம் செக் நாட்டின் பிராக் நகரில் எடுத்த அம்மாவின் படம் ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். மஞ்சள் பூசிய சுவர், அதில் ஒரு வளைவு வாசல், வாசலின் விளிம்பில் அரக்குச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக அம்மா, அவ்வளவுதான். பிராகின் புகழ்பெற்ற கோட்டை எங்கே, பாலம் எங்கே, இதைக் கும்பகோணத்திலேயே எடுத்திருக்கலாமே என்று மூன்று நண்பர்கள் கேட்டார்கள். இந்தப் படத்துக்காகவா வழிகாட்டிக்குப் பணம் கொடுத்தாய் என்று நான்காமவர் தொலைபேசியில் அழைத்தே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எனக்குள்ள பெருமைக்குக் காரணமே கோட்டையும் பாலமும் அதில் இல்லாததுதான் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலை நிமித்தமாக ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கிறேன். அங்கிருந்து எல்பே ஆற்றை ஒட்டி ஓடும் ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பிராக். செப்டம்பர் கடைசியில் அம்மா வந்திருந்தபோது, அங்கே மூன்று மணி நேர உருவப்பட நடை ஒன்றுக்குப் பதிவு செய்தேன். ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றில் இப்போது இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் நம்மை அழைத்துச் சென்று, அழகான இடங்களில் நிறுத்திப் படமெடுத்துக் கொடுப்பார். மற்றொன்றில் கேமரா நம் கையில் இருக்கும். அவர் உடன் நடந்து, நாம் எங்கே நிற்பது, எதிரில் இருப்பவரை எங்கே நிறுத்துவது, எப்போது பொத்தானை அழுத்தாமல் காத்திருப்பது என்று சொல்லித் தருவார். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய, பிராகிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி தலையசைப்பு.

காலை ஆறரை மணிக்கு, கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்ட்ரானா என்ற பழைய பகுதியின் பக்கத்துப் பாலக் கோபுரத்தின் அடியில் சந்தித்தோம். சார்லஸ் பாலத்துக்கு நான்காம் சார்லஸ் மன்னர் 1357ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி காலை 5.31 மணிக்கு அடிக்கல் நாட்டியதாகச் சொல்வார்கள். ஆண்டு, தேதி, மாதம், மணி என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் 1-3-5-7-9-7-5-3-1 என்று ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும். முகூர்த்தம் பார்க்கும் வழக்கம் நமக்கு மட்டும்தான் என்று அதுவரை நம்பியிருந்த அம்மாவுக்கு இதில் பரம திருப்தி. இன்றைக்கும் அந்த விடியற்காலை வேளையில் பாலம் வெறிச்சென்று இருப்பதில்லை. வெள்ளைக் கவுன் அணிந்த மணப்பெண்களும், அவர்களைத் துரத்தும் புகைப்படக்காரர்களும், முக்காலிகளுமாக, முப்பது சிலைகளுக்கும் இடையில் முறை வைத்து நின்றிருந்தார்கள்.

எங்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். கோட்டையும் விட்டுஸ் தேவாலயத்தின் கோபுரங்களும் பின்னால் தெரியும்படி அம்மாவை நிறுத்தி, எனக்குப் பிடித்தபடி எடுக்கச் சொன்னார் வழிகாட்டி. எடுத்தேன். கேமராத் திரையை என்னிடமே திருப்பிக் காட்டி, கோட்டையைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அம்மாவை மறைத்துப் பார்க்கச் சொன்னார். கோட்டையை மறைத்தபோது படத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அம்மாவை மறைத்தபோது படத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. இதை அவர் விளக்கவே இல்லை. விரலை எடுத்துவிட்டு, வாருங்கள் என்று படியிறங்கிவிட்டார். நான் கொடுத்த பணத்தில் பாதி அந்த இடத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்து நாங்கள் போனது பெயர் சொல்லும்படியான எந்த இடத்துக்கும் அல்ல. மாலா ஸ்ட்ரானாவின் பழைய வீடுகளுக்கு, குதிரை வண்டி உள்ளே போய் வருவதற்காகக் கட்டிய வளைவு வழிகள் உண்டு. ஒரு முனை தெருவுக்கும் மறுமுனை உள்முற்றத்துக்கும் திறந்திருக்கும்; நடுவில் இருட்டு. அம்மாவைத் தெருவைப் பார்த்தவாறு, வளைவுக்குள் இரண்டே அடி தள்ளி நிறுத்தினார். தலைக்கு மேல் கல் இருப்பதால் உச்சியிலிருந்து வெளிச்சம் விழாது. கண்குழிகளில் நிழல் தேங்காது. எதிர்ச் சுவரில் பட்ட காலை வெளிச்சம் முழுவதும், வடிகட்டிய டிகாஷன் மாதிரி, ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக முகத்தில் வந்து இறங்குகிறது. பின்னால் இருட்டு என்பதால் கவனத்தைச் சிதறடிக்க எதுவும் இல்லை. ஓர் அடி வெளியே வந்தால் இந்த வெளிச்சம் போய்விடுகிறது. ஓர் அடி உள்ளே போனால் கண்ணில் உள்ள ஒளிப்புள்ளி அணைந்துவிடுகிறது. அந்த ஓரடி வித்தியாசத்தை அம்மாவை முன்னும் பின்னும் நடத்தியே காட்டினார். நான்காவது முறை நடந்தபோது அம்மா, "இது நம்ம ரேழி வெளிச்சம்டி. உங்க பாட்டி அங்க உட்கார்ந்துதான் அரிசி பொறுக்குவா" என்றாள். ரேழி என்பது பழைய வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடை. பகல் வெயிலிலும் கண் கூசாமல் கல் பொறுக்க வேண்டியவர்கள் காலங்காலமாக எங்கே உட்கார்ந்தார்களோ, அங்கேதான் முகமும் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நண்பர்கள் கும்பகோணம் என்று கேலி செய்தது ஒரு வகையில் சரிதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இங்கிருந்துதான் என் கருத்துக்கு வருகிறேன். பழைய நகரத்தைப் பின்னணியாகப் பார்ப்பதால் நாம் அதன் பெரிய பயனை இழக்கிறோம். அது விளக்கு. குறுகிய சந்தில் ஒரு பக்கச் சுவரில் வெயில் விழும்போது எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு அந்தச் சுவரே ஒரு பெரிய ஒளித்திரையாகிவிடுகிறது. காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று பூசப்பட்ட சுவர்கள் தங்கள் நிறத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன; மஞ்சள் சுவர் அம்மாவின் நிறத்துக்கு வெதுவெதுப்பைக் கொடுத்தது, கொடி படர்ந்த சுவருக்கு எதிரே நின்றபோதோ முகத்தில் பச்சை ஏறி, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவளைப் போல் ஆகிவிட்டாள். நடைபாதையில் பதித்த வெளிர்நிறச் சிறு கற்கள் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி, தாடைக்கு அடியிலுள்ள நிழலை நிரப்புகின்றன. ஒரு ஸ்டுடியோவில் இதற்கெல்லாம் குடையும் வெள்ளைப் பலகையும் உதவியாளரும் வேண்டும்.

இன்னொரு காரியத்தையும் வழிகாட்டி நேராகப் பேசினார். வேறு யாரும் எங்களிடம் அப்படிப் பேசியதில்லை. பாலத்தில் நான் எடுத்த படத்தில் அம்மாவின் முகம் கரிந்து போயிருந்தது. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவானாலும் அது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் வேலை செய்வது. வெளிறிய வானம் சட்டகத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் அது வானத்தைத்தான் அடக்கப் பார்க்கும். கறுத்த முகம் இன்னும் கறுத்துப்போகும். முகத்தை மட்டும் அளந்து, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிடச் சொன்னார். கோடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிவந்த 'ஷெர்லி அட்டை'யில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே. பல நிறத்தவர் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. நம் வீட்டு ஆல்பங்களில் எத்தனையோ பேர் பல்லும் கண்ணும் மட்டுமாக நிற்பதற்கு ஊர் வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அம்மா தன் நிறத்தைப் பற்றிச் சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சுகள் எனக்குத் தெரியும். அந்த வளைவு வாசலில் 85 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தில், கன்னத்தின் பழுப்புக்குள் எத்தனை சாயல்கள் இருக்கின்றன என்பதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வழிகாட்டிக்குப் பணம் எதற்கு, படமெடுக்க ஏற்ற இடங்களெல்லாம்தான் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே என்ற கேள்விக்கும் இதுவே பதில். இடங்கள் கிடைக்கும், அதனால்தான் எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். நல்ல வழிகாட்டி நம்மைக் கூட்டிப் போகும் இடங்களைவிட, நிற்காமல் கடக்க வைக்கும் இடங்களுக்குத்தான் கூலி வாங்குகிறார். மோசமானவர்களிடமும் நான் மாட்டியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்தில் இதே பெயரில் நடந்த ஒரு குழு நடையில் பன்னிரண்டு பேர். கூலிக்கு வந்த ஒரே மாடல் பெண். நாங்கள் பன்னிரண்டு பேரும் அரைவட்டமாக நின்று ஒரே படத்தைப் பன்னிரண்டு முறை எடுத்தோம். அந்தப் பெண் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இருவர் அல்லது மூவருக்கு மேல் சேர்க்கும் நடைக்குப் பணம் கட்டாதீர்கள் என்று என்னைக் கேட்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணத்தை நோவி ஸ்வெட் தெருவில் கண்டேன். கோட்டைக்கு மேற்கே, வானியலாளர் டைகோ பிராகே ஒரு காலத்தில் வசித்த, சின்னஞ்சிறு வீடுகள் நிறைந்த அமைதியான தெரு அது. வீடுகளில் இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஒரு முதியவர் சன்னல் கதவைத் திறந்து பூந்தொட்டிக்கு நீர் ஊற்றினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கை தானாகக் கேமராவுக்குப் போனது. வழிகாட்டி என் மணிக்கட்டில் கை வைத்துவிட்டு, அவருக்கு வணக்கம் சொல்லி அனுமதி கேட்டார். முதியவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டார்; நாங்களும் நகர்ந்துவிட்டோம். செக் நாட்டில் 2014 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு, ஒருவரை இன்னார் என்று அடையாளம் காணும்படி அவர் உருவத்தைப் பதிவு செய்வது அவருடைய சம்மதத்தோடு மட்டுமே என்கிறது. செய்திக்கும் கலைக்கும் சில விலக்குகள் உண்டு. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை வெளிநாட்டவர் கேட்காமல் படமெடுத்துப் போவதைப் பற்றி நமக்கு ஒரு கருத்து உண்டல்லவா? அந்தக் கருத்தை விமானம் ஏறும்போது வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நடையின் கடைசிக் கட்டத்தில் உயேஸ்ட் தெருவில் ஒரு முற்றத்துக்குள் இருக்கும் சின்ன மர ஸ்டுடியோவைக் காட்டினார். செக் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சூடெக்கின் ஸ்டுடியோ இருந்த இடம். இப்போதிருப்பது பின்னாளில் அதே இடத்தில் மீண்டும் கட்டியது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு, கனமான மரக் கேமராவைச் சுமந்து இந்த நகரம் முழுவதையும் படமெடுத்தவர், 1940இலிருந்து 1954 வரை இந்த ஸ்டுடியோவின் சன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார்: பனி படிந்த கண்ணாடி, அதற்கு அப்பால் கோணல் மரம். வெளியே நாஜிகளின் ஆக்கிரமிப்பு இருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. ஆக்கிரமிப்பு போன பிறகும் அவர் சன்னலை விடவில்லை. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அம்மாவின் கல்யாணப் படம் நினைவுக்கு வந்தது. 1970களில் கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. அப்பாவும் அம்மாவும் நிற்க, பின்னால் திரைச்சீலையில் வெள்ளைத் தூண்களும் வளைந்து ஏறும் பளிங்குப் படிக்கட்டும் தீட்டியிருக்கும். அந்தக் காலத்து ஓவியருக்கு அரண்மனை என்றால் ஐரோப்பாதான். அங்கே இல்லாத ஐரோப்பாவைத் துணியில் வரைந்து அதன் முன் நின்றோம். இங்கே இருக்கிற ஐரோப்பாவையும் நாம் வரைந்த துணியாகவே நடத்துகிறோம். முகம் மட்டும் இரண்டிலும் அதே விறைப்போடு இருக்கிறது. பிராக்வாசிகளே தங்களைப் படமெடுத்துக்கொண்ட விதம் வேறு. வோடிச்கோவா தெருவில் யான் லாங்ஹான்ஸ் 1880இல் தொடங்கிய ஸ்டுடியோவின் ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ் தகடுகள், 1998இல் அந்தக் கட்டடத்தைச் செப்பனிடும்போது கிடைத்தன. அந்த நாட்டின் பிரமுகர்கள் பலர் அவற்றில் இருக்கிறார்கள். பாலம் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் ஸ்டுடியோவுக்குத்தான் வந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அம்மாவின் தீர்ப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். பாலத்துப் படத்தைக் கூடத்தில் மாட்டப் போவதாகச் சொன்னாள். வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்களாம், சொல்வதற்கு ஏதாவது வேண்டுமாம். வளைவு வாசல் படத்தை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு. மாலை போடறதுக்கு இதை வெச்சுக்கோ, தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதை ஒரு பழைய நூல் சேலையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள்.