துண்டுக்கு அடியில் நடக்கும் பேரம்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. காதில் விழுவதெல்லாம் வேறு பேச்சு: "இந்தக் காளையை நேத்தே ஒருத்தர் இவ்வளவுக்குக் கேட்டுட்டுப் போனார்" என்கிற ரகம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், டீம்கள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடுக்கான கெடு நெருங்கும்போது நம் டைம்லைனில் ஓடும் வதந்திகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பொய் என்று சொல்ல வரவில்லை. யாரோ விலையை ஏற்றவோ இறக்கவோ சத்தம் கொடுக்கிறார். அதைச் செய்தி என்று வாசிக்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

கெடு பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, நியூயார்க் நேரம் பிற்பகல் 3 மணி. நமக்கு வெள்ளி அதிகாலை 1.30. அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே சத்தம் ஆரம்பித்துவிடும். நவம்பரில் வருவதை நான் பொருட்படுத்துவதே இல்லை. கோடையில் புது ஒப்பந்தம் போட்ட வீரர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை ட்ரேட் செய்யவே முடியாது. சிலருக்கு அது ஜனவரி 15. ட்ரேடில் சம்பளத்துக்குச் சம்பளம் ஈடு கட்ட வேண்டும்; அதற்கு ஆளே கையில் இல்லாத காலத்தில் என்ன பேரம்?

ஒரு வதந்தி வந்தால் "யார் சொன்னது" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் சம்பளக் கணக்கு. லீக்கும் வீரர் சங்கமும் 2023இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு கணக்கில் தோற்கும் வதந்திதான் முக்கால்வாசி. 2025-26 சீசனில் சம்பள வரம்பு 154.6 மில்லியன் டாலர், ஆடம்பர வரிக் கோடு 187.9. அதற்கும் மேலே ஏப்ரன் எனப்படும் இரண்டு கட்டுப்பாட்டுக் கோடுகள்: முதல் ஏப்ரன் 195.9, இரண்டாவது ஏப்ரன் 207.8. முதல் ஏப்ரனுக்கு மேலே நிற்கும் டீம், கொடுக்கும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்ப வாங்க முடியாது. இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே போனால் கை கால் இரண்டையும் கட்டிவிடுவார்கள்: இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, ட்ரேடில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது, ஏழு வருடம் தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக்கும் (டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) உறைந்துவிடும்.

2025 ஜனவரி முழுக்க "ஜிம்மி பட்லர் ஃபீனிக்ஸுக்குப் போகிறார்" என்று ஓடியது நினைவிருக்கும். அவருடைய டீமான மயாமி ஹீட் அந்த ஒரே மாதத்தில் அவரை மூன்று முறை இடைநீக்கம் செய்தது. அவருக்கும் ஃபீனிக்ஸ் டீமான சன்ஸுக்குப் போக ஆசை என்றார்கள். ஆசை இருக்கட்டும். பட்லரின் அந்த வருடச் சம்பளம் 48.8 மில்லியன். சன்ஸ் இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே. கூட்டிக் கொடுக்க வழியில்லை என்றால், தனி ஒருவராக 48.8க்கு மேல் சம்பளம் வாங்கும் ஆளைத்தான் கொடுக்க வேண்டும். அங்கே அப்படி மூன்று பேர்தான்: டுரான்ட் 51.2, பீல் 50.2, புக்கர் 49.2. டுரான்டையும் புக்கரையும் கொடுத்துவிட்டு பட்லரோடு யார் விளையாடுவது? மிச்சம் பிராட்லி பீல். அவர் ஒப்பந்தத்தில் நோ-ட்ரேட் ஷரத்து. அந்த சீசனில் லெப்ரானையும் அவரையும் தவிர லீக்கில் வேறு யாரிடமும் அது இல்லை. ஆக, பீலை ஏற்கும் மூன்றாவது டீம் ஒன்று வேண்டும், அங்கே போக பீலும் சம்மதிக்க வேண்டும். இதற்காகவே சன்ஸ் தன் 2031 முதல் சுற்று பிக்கை யூட்டா டீமிடம் கொடுத்து மூன்று சின்ன பிக்குகளாக மாற்றிக்கொண்டது. நூறு ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுவது மாதிரி. யாருக்காவது சேர்த்துக் கொடுக்க வசதி. அப்படியும் நடக்கவில்லை. பட்லர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனார். காரணம் எளிது: வாரியர்ஸ் ஏப்ரன்களுக்குக் கீழே இருந்தது. விகின்ஸ், ஷ்ரூடர், கைல் ஆண்டர்சன், வாட்டர்ஸ் என்று நாலு பேர் சம்பளத்தைக் கூட்டி நீட்ட முடிந்தது. ஒரு மாதம் ஓடிய வதந்தியை, சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தவர்கள் முதல் வாரத்திலேயே மடித்து வைத்திருக்கலாம்.

பிக் கணக்கும் அப்படித்தான். "மூன்று ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக் தருகிறார்கள்" என்று எழுதுவது சுலபம். தொடர்ந்து இரண்டு வருடம் முதல் சுற்று பிக் இல்லாமல் நிற்கும்படி எந்த டீமும் எதிர்கால பிக்குகளை விற்க முடியாது. 80களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி. அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2025, 2027 பிக்குகள் பழைய ட்ரேடுகளில் ஏற்கனவே போயிருந்தன. அதனால் 2026, 2028 நகராது. கையில் விற்க இருந்தது 2029, 2031 இரண்டே. மார்க் வில்லியம்ஸ் என்ற வீரருக்காக சார்லட் டீமுக்கு அவர்கள் நீட்டியதில் 2030 பிக்காக இல்லாமல் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையாக இருந்ததற்கு இதுதான் காரணம். 2029ஐயும் 2031ஐயும் கொடுத்த பிறகு 2030ஐ வெளியே விட முடியாது. இடம் மாற்றிக்கொள்ள மட்டும்தான் முடியும்.

சரி, கணக்கில் தேறிவிட்டது. இப்போது யார் சொன்னது, எந்த வார்த்தையில் சொன்னது என்று பார்க்கலாம். "ஆர்வம் காட்டுகிறது", "கவனித்து வருகிறது" என்றால் ஒன்றுமே இல்லை. நல்ல வீரரை முப்பது டீமும்தான் கவனிக்கிறது. "போட்டி டீம் நிர்வாகிகள் கருதுகிறார்கள்" என்று வந்தால், சம்பந்தப்பட்ட இரண்டு டீமிலும் யாரும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். எந்த எந்த வீரர்கள், எந்த வருட பிக், அதற்கு என்ன பாதுகாப்பு (முன் இடங்களில் விழுந்தால் பிக்கைத் தராமல் வைத்துக்கொள்ளும் நிபந்தனை) என்ற விவரத்தோடு வந்தால்தான் பேப்பரில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. வீரர் தரப்பிலிருந்து வருவது ஏன் எப்போதும் பெயர் இல்லாமல் வருகிறது என்று சிலர் கேட்கிறார்கள். 2019 ஜனவரியில் அந்தோணி டேவிஸின் ஏஜென்ட் ரிச் பால் ட்ரேட் வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார்; லீக் டேவிஸுக்கு 50,000 டாலர் அபராதம் போட்டது. அவர் வாங்கும் சம்பளத்துக்கு அது டீக்காசுதான். ஆனாலும் மற்றவர்கள் விவரமாகிவிட்டார்கள், "நெருங்கிய வட்டாரம்" பேசுகிறது.

இதற்கெல்லாம் எதிர்ப்பாட்டாக ஒருவர், டல்லாஸ் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு விற்ற ட்ரேடைக் கொண்டுவருவார். 2025 பிப்ரவரி 2, நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டிய நேரம், செய்தியாளர் ஷம்ஸ் சரானியா பதிவு போட்டபோது அவர் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். அதற்கு முன் ஒரு வரி வதந்தி கிடையாது. டல்லாஸ் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனும் லேக்கர்ஸ் பொது மேலாளர் ராப் பெலின்காவும் வாரக்கணக்கில் துண்டுக்கு அடியிலேயே பேசி முடித்தார்கள்.

கணக்கு மட்டும் அங்கேயும் கச்சிதம். டேவிஸ் 43.2, கிறிஸ்டி 7.1, ஹூட்-ஷிஃபினோ 3.9: லேக்கர்ஸ் வெளியே விட்டது 54.2 மில்லியன். உள்ளே வந்த டான்சிச் 43.0, க்ளீபர் 11.0: மொத்தம் 54.0. மார்கீஃப் மாரிஸ் குறைந்தபட்சச் சம்பளக்காரர், கணக்கில் சேரமாட்டார். ஹூட்-ஷிஃபினோவை டல்லாஸ் வாங்கிக்கொள்ள, அது தாண்டக் கூடாத முதல் ஏப்ரன் கோடு இடம் தரவில்லை. அவரை இறக்கி வைக்கத்தான் யூட்டா, கூலியாக இரண்டு இரண்டாம் சுற்று பிக். ட்ரேட் ஆனால் கூடுதலாக வர வேண்டிய ட்ரேட் கிக்கர் தொகை 5.9 மில்லியனையும் டேவிஸ் விட்டுக்கொடுத்தார். இப்படி இழைத்துச் செய்த வேலையை "திடீர்" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் ரகசியத்துக்கு டல்லாஸ் கொடுத்த விலை இருக்கிறதே! டான்சிச்சுக்கு ஈடாக அவர்களுக்கு வந்த முதல் சுற்று பிக் ஒன்றே ஒன்று, 2029. அதற்கு ஆறேழு மாதம் முன்புதான் ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒன்றுகூட ஆடாத மிக்கல் பிரிட்ஜஸுக்கு நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்திருந்தது. ஹாரிசன் ஏலம் விடவே இல்லை. ஐந்து வருடம் 345 மில்லியன் வரை போகக்கூடிய சூப்பர்மேக்ஸ் என்ற உச்சபட்ச ஒப்பந்தத்தை லூகாவுக்குத் தர வேண்டாம் என்பது ஒரு நிலைப்பாடு, அதை வாதாடலாம். முப்பது டீமுக்கும் காதில் போட்டு, ஒரு வாரம் வதந்தி ஓடவிட்டு, பிறகு விற்றிருந்தால்? ரசிகர்கள் அரங்க வாசலில் கூடி விற்பனையையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருந்திருக்கும். அதே ரசிகர்கள் விற்ற பிறகும் வாசலில்தான் நின்றார்கள். 2025 நவம்பரில் ஹாரிசன் வேலையும் போனது. வதந்தி ஓட்டுவதை ஏதோ கேவலமான காரியம் மாதிரி பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ட்ரேடைத்தான். ஏலத்தில் குரல் எழாவிட்டால் நஷ்டம் விற்கிறவனுக்கு.

இன்னொன்று, 1.30க்குப் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 3 மணிக்குள் இரு தரப்பும் லீக் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தால் போதும். ஷரத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து உறுதி செய்யும் தொலைபேசி அழைப்பு அதற்குப் பிறகும் நடக்கும். அதனால்தான் கெடு முடிந்தும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அழைப்பு முடிந்தாலும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. மேலே சொன்ன வில்லியம்ஸ் ட்ரேட் அங்கேதான் உடைந்தது. 2025இல் கெடு பிப்ரவரி 6. 8ஆம் தேதி பரிசோதனையில் தேறவில்லை என்று லேக்கர்ஸ் ரத்து செய்தது. வில்லியம்ஸுக்கு ஈடாகப் போன கனெக்டும் ரெடிஷும் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். கடை அடைத்துவிட்டதால் வேறு சென்டரை (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) ட்ரேடில் வாங்க வழியில்லை, விடுவிக்கப்பட்டிருந்த அலெக்ஸ் லென்னைத்தான் எடுக்க முடிந்தது.

அதன் பிறகு, ஒப்பந்தத்தைப் பேசித் தீர்த்து வீரரை விடுவிக்கும் பைஅவுட் பற்றிய வதந்தி சீசன். மார்ச் 1க்குள் பழைய டீம் விடுவித்தால்தான் புது டீமுக்காக ப்ளேஆஃப் ஆட முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது மற்றது: விடுவிக்கப்பட்டவரின் பழைய சம்பளம் மிட்-லெவல் தொகையைத் தாண்டினால் (2025-26இல் 14.1 மில்லியன்), முதல் ஏப்ரனுக்கு மேலே நிற்கும் டீம் அவரைத் தொடவே கூடாது. 20 மில்லியன் வாங்குகிற ஆள் உங்கள் டீமுக்கு மினிமத்தில் வருகிறார் என்று யாராவது பதிவு போட்டால், லைக் போடும் முன் உங்கள் டீம் முதல் ஏப்ரனுக்கு மேலேயா கீழேயா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.