பணம் வாங்குவது ஒருவர், சாவி கொடுப்பது இன்னொருவர்

புக்கிங்.காம் போன்ற இடைத்தரகுத் தளங்கள் வழியாக ஹோட்டல் அறை பதிவு செய்பவர்கள், தாங்கள் அந்த ஹோட்டலின் வாடிக்கையாளர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பணத்தைத் தளமே வாங்கிக்கொண்டுவிட்டால் நீங்கள் தளத்தின் வாடிக்கையாளர். ஹோட்டலைப் பொறுத்தவரை யாரோ அனுப்பிவைத்த ஆள், அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு முன்னால் வயதான தம்பதி நின்றிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். பெரியவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது; தனிக் கட்டில் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுத்ததோ ஒரே பெரிய கட்டில் போட்ட அறை. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளில் 'இரண்டு தனிக் கட்டில்கள்' என்று தெளிவாகவே இருந்தது. மேசையிலிருந்த இளைஞர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார்: 'இது கோரிக்கை மட்டுமே, உறுதி அளிக்க இயலாது.'

அப்படியானால் ரத்து செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள் என்றார் பெரியவர். "பணம் எங்களிடம் கட்டவில்லையே சார், அவர்களிடம்தான் கேட்க வேண்டும்" என்று பதில் வந்தது. அங்கேயே நின்று தளத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். வெகுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு குரல், "ஹோட்டலின் சம்மதம் கேட்டுச் சொல்கிறோம், இணைப்பிலேயே இருங்கள்" என்றது. சற்றுநேரத்தில் மேசைமேல் இருந்த தொலைபேசி ஒலித்தது. அதே இளைஞர் எடுத்தார். "மேலாளர் காலையில்தான் வருவார்" என்று சொல்லி வைத்தார். அந்தப் பதில் எங்கோ ஊர் சுற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நின்ற பெரியவரின் காதுக்குக் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வியாபாரத்தின் அமைப்பே அப்படி. இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் தளம் பதிவை மட்டும் செய்து தரும். பணத்தை நீங்கள் ஹோட்டலிலேயே கட்டுவீர்கள். ஹோட்டல் பிறகு தளத்துக்குக் கமிஷன் அனுப்பும். இன்னொன்றில் தளமே உங்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெரும்பாலும் ஒரு மெய்நிகர் கார்டு (அந்தப் பதிவுக்கென்றே உருவாக்கிய, எண் மட்டும் உள்ள கார்டு) மூலம் ஹோட்டலுக்குத் தரும். வம்பெல்லாம் இந்த இரண்டாவது முறையில்தான். ஹோட்டலிடம் உங்கள் கார்டு விவரம் அறை வாடகைக்காக வந்திருக்காது. எனவே அவர்களே மனம் இரங்கினாலும் பணத்தை நேரடியாக உங்களுக்குத் திருப்ப வழியில்லை. அலுவலகத்தில் காட்ட ரசீது கேட்டால்கூட, காலைச் சிற்றுண்டிக்கும் சலவைக்கும் கிடைக்கும், அறைக்குக் கிடைக்காது. நீங்கள் கொடுத்த தொகை ஒன்று, ஹோட்டலுக்கு வந்த தொகை வேறு. அவர்கள் எதற்கென்று ரசீது போடுவார்கள்?

"இருந்தாலும் விலை குறைவாயிற்றே" என்பார்கள். பல நேரங்களில் அதுவும் இல்லை. தளங்கள் ஹோட்டல்களிடம் வாங்கும் கமிஷன் பொதுவாக வாடகையில் 15 முதல் 25 சதவீதம். அதைத் தவிர்க்க ஹோட்டல்கள் தங்கள் சொந்தத் தளத்தில் விலையைக் குறைத்திருக்கலாமே என்றால், பல ஆண்டுகள் அதற்கும் ஒப்பந்தத்தில் தடை இருந்தது: எங்கள் தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக உங்கள் தளத்தில் காட்டக் கூடாது. இந்த நிபந்தனையை பிரான்ஸ் 2015இலும், ஆஸ்திரியா 2016இலும், இத்தாலி 2017இலும் சட்டம் போட்டே ஒழித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு, 2024இல், புக்கிங்.காம் அந்த ஒன்றியம் முழுவதும் அதைக் கைவிட்டது. ஆனால் இந்தத் தடை இருந்த இடங்களிலும் தொலைபேசியில் கேட்பவருக்கும் ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவருக்கும் விலை குறைத்துத் தரப் பெரும்பாலும் இடம் இருந்தது. கேட்பவர்கள்தான் குறைவு.

நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரித்த திருப்தி நமக்கு. கடைகள் நாலு என்றாலும் முதலாளி ஒருவராக இருக்கலாம். புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் எல்லாம் ஒரே குழுமம். எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ்.காமும் இன்னொன்று, விலை ஒப்பிட்டுக் காட்டும் ட்ரிவாகோவில் பெரும்பங்கும் அந்தக் குழுமத்திடம்தான். அந்த ஒப்பீட்டின் லட்சணத்தை ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2020இல் வெளிச்சம் போட்டுக் காட்டியது. மலிவான அறையை முன்னிறுத்துவதாகச் சொன்ன ட்ரிவாகோ, தனக்கு அதிகக் கட்டணம் தரும் தளங்களுக்கே கூடுதல் எடை கொடுத்து வரிசைப்படுத்தியிருந்தது. 2022இல் அதற்கு 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம்.

'ஒரே ஓர் அறைதான் மிச்சம்' என்று சிவப்பில் மிரட்டுவார்களே, அது அந்தத் தளத்துக்கு ஒதுக்கப்பட்ட அறைகளின் கணக்காக இருக்கலாம். 'இப்போது எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றால், அந்த எட்டுப் பேரும் வேறு வேறு தேதிகளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த மாதிரி வேலைகளை விசாரித்த பிரிட்டனின் போட்டி ஆணையத்திடம், 2019இல் ஆறு பெரிய தளங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்வதாக எழுதிக்கொடுத்தன. எழுதிக்கொடுத்தது அங்கே. மற்ற இடங்களில் சிவப்பு எழுத்துகள் இன்னும் மின்னிக்கொண்டுதான் இருக்கின்றன.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. பெரிய ஹோட்டல் குழுமங்கள் பலவற்றில் இடைத்தரகர் வழியாக வந்தால் உறுப்பினர் புள்ளிகள் சேராது. இலவச ரத்துக்கான கெடு பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான், உங்கள் கடிகாரப்படி அல்ல.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது மோசடிதான். ஹோட்டல் ஊழியரின் கணினியில் புகுந்து, தளத்தில் அந்த ஹோட்டலுக்கு இருக்கும் கணக்கைக் கைப்பற்றி, தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே விருந்தினருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். உங்கள் பெயர், தங்கும் தேதி எல்லாம் சரியாக இருக்கும். 'கார்டை மறுபடி சரிபார்க்காவிட்டால் பதிவு ரத்தாகும்' என்று ஓர் இணைப்பும் இருக்கும். 2023 முதல் பல நாடுகளில் இதில் பணம் இழந்தவர்கள் ஏராளம். செய்தி உண்மையான செயலிக்குள்ளேயே வரும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்?

தளங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில், சொந்த இணையதளம்கூட இல்லாத சிறு விடுதியைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. அங்கே போய்ப் பணம் கட்டும் முறையும், இலவச ரத்தும் இருந்தால் நானும் அவற்றில்தான் பதிவு செய்கிறேன். மற்றபடி தேடுவது தளத்தில், பதிவு செய்வது ஹோட்டலில். தொலைபேசி எண்ணைத் தேடுபொறியின் விளம்பர வரிகளிலிருந்து எடுக்காதீர்கள்; ஹோட்டலே பேசுவதுபோல் பேசும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள்.

தளத்தில்தான் பதிவு செய்தாக வேண்டும் என்றால், மறுநாளே ஹோட்டலை அழைத்து அவர்களுடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். தளம் கொடுத்த எண்ணும் அதுவும் வேறு வேறு. உங்கள் பெயர் இன்னும் வரவில்லை என்று சொன்னால் உடனே பதற வேண்டாம். கை மாறி வரும் பதிவுகள் சில தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஒரு வாரம் கழித்தும் வரவில்லை என்றால், ரத்துக் கெடு முடிவதற்குள் தளத்தை விரட்டத் தொடங்கிவிடுங்கள்.