ஒரே ராம் என்றால் கேச் ஃப்ளஷ் வேண்டாமா?

ஸைலிங்க்ஸ் ஸிங்க்-7000 சிப்பில் ப்ராசஸரும் எஃப்பிஜிஏ (நாமே வடிவமைத்துக்கொள்ளும் ஹார்டுவேர் பகுதி) ஆக்சிலரேட்டரும் ஒரே டிடிஆர் மெமரியைப் பகிர்வதால் கேச் ஃப்ளஷ், அதாவது ப்ராசஸரின் வேக நினைவகமான கேச்சில் இருக்கும் புது மதிப்பை மெமரிக்கு எழுதித் தள்ளுவது, தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது ஆக்சிலரேட்டர் எந்த போர்ட் வழியாக மெமரிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

கேச்சோடு இணைந்த ஏசிபி போர்ட் வழியாகப் போனால், கோரிக்கையில் கேச் பிட்டுகளைச் சரியாக வைத்திருந்தால், ஹார்டுவேரே கேச்சைப் பார்த்துவிட்டுத் தரவைக் கொடுக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வேகத்துக்காக எடுப்பது நான்கு எச்பி (ஹை பெர்ஃபார்மன்ஸ்) போர்ட்டுகளில் ஒன்றைத்தான், அது ப்ராசஸரின் 512 கேபி எல்2 கேச்சைக் கண்டுகொள்ளாமல் நேராக டிடிஆருக்குப் போய்விடும். நீங்கள் எழுதிய புது மதிப்பு இன்னும் கேச்சிலேயே இருந்தால் ஆக்சிலரேட்டர் பழையதைத்தான் படிக்கும். திரும்பி வரும் விடையைப் படிக்கும் முன் கேச்சை இன்வேலிடேட் செய்யவும் (அதிலுள்ள பழைய பிரதி செல்லாது என்று குறிக்கவும்) வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறோம்.

நம்பிக்கை இல்லையா, சரி, நீங்களே பாருங்கள். கேச் ஆன் செய்த 4 கேபி பஃபரில் ஒரு பேட்டர்ன் எழுதி ஃப்ளஷ் செய்யுங்கள், அப்புறம் வேறு பேட்டர்ன் எழுதி ஃப்ளஷ் செய்யாமலே எச்பி வழியாக டிஎம்ஏவை (ப்ராசஸர் இல்லாமலே மெமரியிலிருந்து தரவை நகர்த்தும் ஹார்டுவேர்) ஓட்டுங்கள், பழைய பேட்டர்ன்தான் வரும். பெரிய பஃபர் வேண்டாம், கேச்சில் இடம் போதாமல் பாதி தானாகவே டிடிஆருக்கு வெளியேறி எல்லாம் சரி என்று ஏமாற்றும்.