கண்ணாடியை எடுத்துக்கொண்டோம், ஆபீஸை விட்டுவிட்டோம்

காரைக்குடியில் புதிதாக எழும்பும் கடைக் கட்டடங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, ஓரங்களில் ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட். மனை மேற்குப் பார்த்திருந்தாலும் அதேதான். இந்த ஊரில் பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் சிவில் என்ஜினியர் நான். "எலிவேஷன் கண்ணாடியில வேணும் சார், துபாய்ல இருக்கிற மாதிரி" என்று கேட்டு வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். கட்டி முடித்த பிறகு ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். வெயில் தாங்காமல் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை இழுத்து மூடியிருப்பார்கள். திரை போட்டதால் இருட்டு, அதனால் பட்டப்பகலில் டியூப் லைட். ஏ.சி. 18-ல் ஓடும். அப்படியும் அந்தக் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து பில் போடும் பிள்ளை துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இந்தக் கண்ணாடி முகப்பை உலகத்துக்குப் பழக்கிவிட்ட ஒரு கட்டட வடிவமைப்புக் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது. அவர்களிடமிருந்து செட்டிநாடு எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதை நாம் தொடவே இல்லை.

ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில். சுருக்கமாக எஸ்.ஓ.எம். லூயிஸ் ஸ்கிட்மோரும் நத்தேனியல் ஓவிங்ஸும் 1936-ல் சிகாகோவில் ஆரம்பித்தது. ஓவிங்ஸின் சகோதரியைக் கட்டியவர் ஸ்கிட்மோர். மச்சானும் மச்சானும் கூட்டாகத் தொழில் தொடங்குவது நம்ம பக்கம் புதுசா என்ன? 1939-ல் ஜான் மெரில் என்ற என்ஜினியர் பங்குதாரராகச் சேர்ந்தார். என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனியின் வரலாற்றில் முக்கியமான வருடம் அதுதான். வரைகிறவரும் கணக்குப் போடுகிறவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பெயர்ப் பலகையில் வந்தது அப்போதுதான்.

அவர்களுடைய லீவர் ஹவுஸ் 1952-ல் நியூயார்க் பார்க் அவென்யூவில் திறக்கப்பட்டது. 24 மாடி, பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி, திறக்க முடியாத ஜன்னல்கள், முழுக்க ஏ.சி. வடிவமைத்தவர் கோர்டன் பன்ஷாஃப்ட். கல்லும் செங்கல்லுமாக இருந்த அந்தத் தெருவில் இது ஒன்று மட்டும் பளபளவென்று நின்றது. சோப்புக் கம்பெனியின் தலைமை அலுவலகம், கழுவிக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முகப்பு அவர்களுக்குப் பொருந்தியது. நல்ல கட்டடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குளிர்கால நகரத்துக்காகப் போட்ட சட்டையை உலகமே எடுத்து மாட்டிக்கொண்டது. அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பதுதான் நம்ம ஊர்க் கடைகள்.

அதே பன்ஷாஃப்ட் ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, பாலைவன ஊரான ஜித்தாவில் ஒரு வங்கிக்கு 27 மாடிக் கட்டடம் வடிவமைத்தார். 1983-ல் முடிந்தது. முக்கோண வடிவம். வெளிச்சுவரில் வழக்கமான ஜன்னலே கிடையாது, வெறும் கல் சுவர். சுவரில் சில இடங்களில் மட்டும் பல மாடி உயரத்துக்குப் பெரிய சதுரத் திறப்புகள். அலுவலக ஜன்னல்கள் எல்லாம் உள்ளே இருக்கும் முற்றங்களைப் பார்த்திருக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்த கிணறு போன்ற இடம், சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். கண்ணாடிப் பெட்டியைப் பிரபலமாக்கிய மனிதரே, வெயில் அடிக்கும் ஊருக்கு வந்ததும் சுவரை மூடி முற்றத்தைத் திறந்தார்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? நம்ம செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் கனத்த சுவர், உள்ளே வளவு என்கிற முற்றப் பகுதி. வளவின் நடுவில் வானம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், வரிசையாக அறைகள். ஓட்டுச் சரிவில் வரும் மழைத்தண்ணீர் வளவில் விழுந்து, வடிகால் வழியே ஊரணிப் பக்கம் போகும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இரண்டையும் திறந்து வைத்தால் சித்திரை மாதத்திலும் காற்று நடந்து போகும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இன்றைக்கும் போய் நின்று பார்க்கலாம். காரைக்குடிக்காரர் ஒருவர் தாத்தா வீட்டு வளவில் உட்கார்ந்துகொண்டு, கடைக்குக் கண்ணாடி முகப்பு கேட்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

சரி, எஸ்.ஓ.எம்.மிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்காவில் 1929-ல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்து, 1955-ல் எஸ்.ஓ.எம்.மில் என்ஜினியராக வேலைக்குச் சேர்ந்தார். உயரமான கட்டடத்துக்கு எதிரி அதன் எடை என்பதைவிடக் காற்று என்பதுதான் சரி. முன்பெல்லாம் உள்ளே முழுக்கத் தூண்களை நிறுத்தி, இரும்பைக் கொட்டிச் சமாளித்தார்கள். கான் தூண்களை நெருக்கமாக வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனார். மூங்கில் மாதிரி உள்ளே வெற்று, பலமெல்லாம் சுற்றுச்சுவரில். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ இரும்பு ஆனது. கானும் வடிவமைப்பாளர் புரூஸ் கிரஹாமும் சேர்ந்து செய்த 100 மாடி ஜான் ஹான்காக் சென்டருக்குச் சுமார் 145 கிலோதான். அப்புறம் அப்படிப்பட்ட ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்து 442 மீட்டர் சியர்ஸ் டவர். 1998 வரை உலகத்திலேயே உயரம் அதுதான்.

கான் 52 வயதில், 1982-ல் இறந்துபோனார். அவரோடு அந்த வித்தையும் போயிருக்க வேண்டும். நம்ம ஊரில் அப்படித்தான் போகும். அங்கே போகவில்லை. அதற்கு முந்தைய வருடம் சேர்ந்திருந்த பில் பேக்கர் என்ற இளம் என்ஜினியர் பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். சியோலில் ஒரு கோபுரத்தில் மூன்று இறக்கை வடிவத்தைச் செய்து பார்த்தார்கள். அடுத்து துபாயில் அதையே 828 மீட்டருக்கு ஏற்றினார்கள். புர்ஜ் கலீஃபா, 2010 ஜனவரியில் திறந்தது. நடுத்தண்டு, அதற்கு முட்டுக் கொடுக்கும் மூன்று இறக்கைகள், ஒன்று சாய்ந்தால் மற்ற இரண்டு தாங்கும். இன்னொரு விஷயம். அதை வடிவமைத்த ஏட்ரியன் ஸ்மித் 2006-லேயே கம்பெனியை விட்டு விலகித் தனி அலுவலகம் தொடங்கிவிட்டார். கட்டடம் பாதியில் நிற்கவில்லை. வரைபடமும் கணக்கும் அதைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் அலுவலகத்தில் இருந்தார்கள்.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அணுகுண்டுத் திட்டத்துக்காக ஓக் ரிட்ஜ் என்ற ரகசிய நகரத்தைத் திட்டமிட்டவர்களும் இவர்கள்தான். உலகம் முழுக்க ஒரே மாதிரிக் கட்டடம் முளைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெங்களூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் மூங்கில் வேய்ந்த கூரையைப் பார்த்தவர்களுக்கு, இன்றைக்கும் அங்கே யோசிக்கிறார்கள் என்று தெரியும்.

இப்போது நம்ம கதை. தேக்கு பர்மாவிலிருந்து, மார்பிள் இத்தாலியிலிருந்து என்று வீட்டைச் சுற்றிக் காட்டும்போது எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். கட்டியவர்கள் யார்? பெரும்பாலான வீடுகளில் ஒரு பெயர்கூட இல்லை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, அங்கே போட்ட பணமும் போனது, பெரிய வீடு கட்டுவதும் நின்றது. வேலை நின்றதும் வித்தை கைமாறுவதும் நின்றது. இத்தனைக்கும் ஆளைத் தயார் செய்வது இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் செட்டியார்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. ரங்கூன் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகிக் கடையை நடத்தினான். முதலாளி ஊரில் இருந்தாலும் கடை ஓடியது. பணத்துக்குச் செய்த இந்த ஏற்பாட்டைக் கட்டட வேலைக்கும் செய்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது உண்டு.

செட்டிநாட்டுப் பூச்சு போடத் தெரிந்த ஒரு கொத்தனாரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பிடிப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவரில் வைப்பார். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கலவை, காகிதக் கனத்துக்குத்தான். அது காய்வதற்குள் வழவழப்பான கல்லை வைத்து மணிக்கணக்கில் தேய்ப்பார். எப்போது நிறுத்துவது என்பது அவர் உள்ளங்கைக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதினேன். கலவை விகிதம் எழுத வந்தது, அந்த நிறுத்தும் நேரம் எழுத வரவில்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் தேய்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். பக்கத்தில் உட்கார அவருக்கு ஆள் இல்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், தப்பென்று சொல்ல முடியுமா?

ஆள் இல்லாததால் என்ன நடக்கிறது? பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில், உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் ஒரு காண்டிராக்டர் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விடாது. சில மழைக்காலத்துக்குள் சுவர் அடிவரை உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, கூடவே நூறு வருடச் செங்கல்லின் மேல்தோலும். இப்படிக் கெட்ட பிறகு பங்காளிகள் கூடி, பராமரிக்க முடியவில்லை என்று தூணையும் நிலையையும் பிரித்து விற்கிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கு வருவது இப்படித்தான்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம் பிடித்துவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் பட்டியல் பூசித் தராது. நமக்குத் தேவை ஒரு அலுவலகம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ, வரைகிறவர், என்ஜினியர், பூச்சுக் கொத்தனார், தச்சர், ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவர் எல்லோரும் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு கம்பெனி. ஒவ்வொரு மூத்த கொத்தனாருக்கும் கீழே இரண்டு பேர், கற்கும் காலத்திலேயே குடும்பம் நடத்துகிற அளவுக்குச் சம்பளம். பிரித்துப் பார்த்த ஒவ்வொரு கூரையும் வரைபடமாக அலமாரியில் இருக்க வேண்டும். பழைய வீட்டைச் சரிசெய்வதோடு புதுக் கடையும் புது வீடும் அதே அறிவோடு கட்டித் தர வேண்டும், அப்போதுதான் சம்பளம் கொடுக்கப் பணம் வரும். செய்த வேலையின் கீழே செய்தவர் பெயர் எழுத வேண்டும்.

இரண்டு ஆர்க்கிடெக்ட் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், ஆர்வமாக இருக்கிறார்கள். முதல் வேலை ஆட்களைக் கண்டுபிடிப்பது. உங்கள் ஊரில் இன்னமும் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்கிற கொத்தனார் யாராவது இருந்தால், கமெண்டில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள். போன் நம்பரை அவரிடம் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்.