வேக் படகுக்கு ஒரு வரி போதாது

இரண்டாம் உலகப் போரில் சண்டையின்றிப் பிடிபட்ட அமெரிக்கக் கப்பல் என்று மட்டும் குறிப்பிட்டு, யூ.எஸ்.எஸ். வேக் என்னும் சிறு பீரங்கிப் படகை நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. ஷாங்காயில் கட்டப்பட்டு, 1927 டிசம்பரில் 'குவாம்' என்ற பெயருடன் பணியில் சேர்ந்த அப்படகு, சீனாவின் யாங்சே ஆற்றில் ஆண்டுக்கணக்கில் ரோந்து சென்றது. அந்தப் பெயர் புதிய போர்க்கப்பலுக்கு ஒதுக்கப்பட்டதால் 1941 ஜனவரியில் 'வேக்' ஆனது.

அவ்வாண்டு டிசம்பர் 8 அதிகாலையில் ஷாங்காய் துறையில் ஜப்பானியர் ஏறியபோது, அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வானொலித் தொடர்புக்காக விட்டுவைக்கப்பட்ட சிலரே அதில் இருந்தனர். கரையிலிருந்த தம் குடியிருப்பில் தொலைபேசி வழியே செய்தி அறிந்து ஓடிவந்த தளபதி கொலம்பஸ் ஸ்மித், படகுத்துறையில் ஜப்பானியக் காவலைத்தான் கண்டார். மூழ்கடிக்க வெடிகள் பொருத்தப்பட்டிருந்தும் பயன்படவில்லை. இதைக் கோழைத்தனம் என்று நான் கருதமாட்டேன்.

அதே துறையில் நின்ற பிரிட்டனின் பீட்டரெல் படகில், அறுபதைக் கடந்த நியூசிலாந்துக்காரரான ஸ்டீபன் போல்கிங்ஹார்ன், சரணடையக் கோரிய ஜப்பானிய அதிகாரிகளை இறக்கி அனுப்பிவிட்டு, இயந்திரத் துப்பாக்கிகளைக் கொண்டே எதிர்த்து நின்றார், படகு மூழ்கியது. வேக்கோ 'ததாரா' என்ற பெயரில் ஜப்பானியருக்கும், 1945க்குப் பின் 'தை யுவான்' என்ற பெயரில் சீனத் தேசியவாதிகளுக்கும் உழைத்து, 1949இல் கம்யூனிஸ்டுகள் வசமானது.